ரோட்டுக்கு அடியில் என்ன மண்? – வாசகர் கேள்வி பதில்

கிராம ரோடுகள் ஏன் இரண்டு மழைக்கே பெயர்ந்துபோகின்றன என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தாருக்கு அடியில் கிடக்கும் மண்ணையும் கல்லையும் பற்றித்தான் கேட்கின்றன. ரொம்ப சந்தோஷம். லாரியின் பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கிற அடுக்குகள்தான், கிராம ரோட்டில் மேலே தெரியும் தார் பெரும்பாலும் 2, 3 செ.மீ. கனம்தான் இருக்கும். அதனால் இந்த இதழில் வேறு பேச்சே இல்லை, மண்ணும் ஜல்லியும் மட்டும்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம், சுற்றிலும் கரிசல். ரோடு போட்ட அடுத்த கோடையிலேயே ஓரத்தோடு ஓரமாக நீளவாக்கில் வெடிப்பு விடுகிறது, ஒரு ரூபாய்க் காசைச் செங்குத்தாகப் போட்டால் உள்ளே விழுந்துவிடும். தார் மட்டம் என்று சிலர், ஜல்லி மட்டம் என்று சிலர். எதுதான் காரணம்?

இரண்டும் இல்லை, அடியில் இருக்கிற கரிசல்தான். சித்திரையில் உங்கள் காட்டில் விடுகிற வெடிப்பையும், ஐப்பசி மழையில் அதே வெடிப்பு தடம் தெரியாமல் மூடிக்கொள்வதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரோட்டுக்கு அடியிலும் அதேதான் நடக்கிறது, ஆனால் ஒரே சீராக நடப்பதில்லை. நடு ரோட்டில் தார் மூடியிருப்பதால் அடியில் உள்ள ஈரம் கோடையிலும் அவ்வளவாகக் குறையாது. ஓரத்து மண் திறந்து கிடக்கிறது, காய்ந்து சுருங்கிவிடும். நடு நிற்க, ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கினால் இடையில் கிழியத்தானே செய்யும்? அதனால்தான் உங்கள் வெடிப்பு ஓரத்தை ஒட்டி, நீளவாக்கில் வருகிறது.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்று நீங்களே பார்க்கலாம். மண்ணை நன்றாகக் காயவைத்து (ஆய்வகத்தில் அடுப்பில் வைத்து உலர்த்துவார்கள்) 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக் கோடு போட்ட 100 மி.லி. கண்ணாடிக் குழாய் இரண்டு வேண்டும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, மண்ணைப் போட்டுக் கலக்கி, காற்றுக் குமிழி போனதும் ஒரு நாள் அசையாமல் வைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். மறுநாள் மண்ணெண்ணெய்க் குழாயில் மண் 10 மி.லி. மட்டத்திலும் தண்ணீர்க் குழாயில் 17 மி.லி. மட்டத்திலும் நின்றால் உங்கள் மண்ணின் உப்பல் 70 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டுகிற மண் ரோட்டின் அடித்தளத்து மேல் பகுதியில் இருக்கக் கூடாது என்பது விதி.

சரி, ஊர் முழுக்கக் கரிசலாக இருக்கும்போது மண்ணுக்கு எங்கே போவது? பெரிய ரோடு என்றால் மேல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை உப்பாத மண்ணை மெத்தை போலப் போடச் சொல்கிறார்கள். கிராம ரோட்டுக்கு அவ்வளவு பணம் ஒதுக்க மாட்டார்கள். அங்கே என் தேர்வு சுண்ணாம்புதான். மண்ணின் எடையில் 3 முதல் 6 சதவீதம் வரை நீற்றிய சுண்ணாம்பை அதே கரிசலில் கலந்து, ஈரத்தோடு ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி கிளறிப் பரப்பி ரோலர் ஓட்ட வேண்டும். கைக்கு ஒட்டிக்கொண்டு வந்த மண், சுண்ணாம்பு கலந்த சில மணி நேரத்திலேயே பொலபொலவென்று உதிர ஆரம்பிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நம்புவீர்கள். முதலில் சுண்ணாம்பின் கால்சியம் களித்துகள்களில் ஏறிக்கொள்ள, அவை ஒன்றுசேர்ந்து குருணையாகின்றன. அப்புறம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிமெண்ட் மாதிரி மெதுவாக இறுகுகிறது. எத்தனை சதவீதம் என்பதை மட்டும் ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கரிசலும் ஒவ்வொரு மாதிரி. சுண்ணாம்பும் புதிதாக இருக்க வேண்டும், மூட்டை பிரிந்து காற்றுப்பட்டுக் கிடந்தது பாதிக்குப் பாதி செத்த சுண்ணாம்பு.

ஓர் எச்சரிக்கை. பெரம்பலூர் பக்கம் காரையில் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் தகடு தகடாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மண்ணில் சுண்ணாம்பு கலந்தால் ஜிப்சத்தில் உள்ள சல்பேட் அதோடு சேர்ந்து புதிதாக ஒரு படிகம் வளர்ந்து, ரோடு முன்னைவிட அதிகமாக உப்பும். சல்பேட் சோதனை பார்க்காமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள்.

எதைச் செய்தாலும் தார் விளிம்போடு நிறுத்திவிடக் கூடாது. சுண்ணாம்பு கலந்த அடுக்கு இருபுறப் பெர்முக்கு (தாருக்கு வெளியே ரோட்டோரமாக இருக்கும் மண் பகுதி) அடியிலும் போய் முடிய வேண்டும். காய்ந்து கிழிவது ஓரம்தான் என்பதை மறக்கவே கூடாது.

வார்டு உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் தெருவுக்கு இறங்கிய கிராவலில் ஒரு லோடு நல்ல சிவப்பு, அடுத்த லோடு வெளுத்துக் கிடக்கிறது. இரண்டும் ஒரே கிராவல்தான் என்கிறார் ஒப்பந்ததாரர். எனக்குப் படிப்பு கம்மி. நின்ற இடத்திலேயே நல்லது கெட்டது எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நிறத்தை விட்டுவிடுங்கள். சிவப்பு என்றால் அதில் இரும்புத் துரு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். சிவப்பில் படுமோசமான களியும் உண்டு, வெளுத்த கிராவலில் அருமையான சரளையும் உண்டு. பார்க்க வேண்டியது களி எவ்வளவு, நனைந்தால் அது என்ன செய்யும் என்பதை மட்டும்தான்.

லோடின் உச்சியிலோ அடியிலோ எடுக்காதீர்கள். கொட்டும்போது பெரிய கல் உருண்டு அடிக்குப் போய்விடும், உச்சியில் பொடி நிற்கும். நடுவாகத்தில் நாலு பக்கம் தோண்டி எடுத்து, ஒரு சாக்கில் கொட்டிக் கலந்துகொள்ளுங்கள். கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிஞ்சிய பொடியில் ஒரு கைப்பிடியை, சப்பாத்திக்கு மாவு பிசைவது மாதிரி தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். அதைத் தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் திரி திரிக்க வருகிறதா? 3 மி.மீ. கனத்துக்கு, அதாவது வத்திக்குச்சியைவிடக் கொஞ்சம் பருமனாக, உடையாமல் நீளமாக வந்தால், அந்தத் திரியை மறுபடி உருண்டையாக்கி, மறுபடி திரித்து, ஈரம் குறையக் குறைய நாலைந்து தரம் அப்படியே வந்துகொண்டே இருந்தால், அதில் களி அதிகம். நல்ல கிராவல் முதல் தரத்திலேயே உதிர்ந்துபோகும், அல்லது ஒரு தரம் வந்துவிட்டு உடையும். கையைக் கழுவும்போதும் தெரியும். நல்ல கிராவல் ஒரு தண்ணீரில் போய்விடும், களி விரல் இடுக்கில் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு நிற்கும்.

ஆய்வகத்தில் இதையே எண்ணாகச் சொல்வார்கள். ஜிஎஸ்பி என்கிற கீழ் அடுக்குக்குப் போகும் கிராவலில் 425 மைக்ரான் சல்லடையைக் கடந்த பொடிக்கு நீர்ம வரம்பு (மண் குழம்பாகிற ஈர அளவு) 25க்குள்ளும், பிளாஸ்டிசிட்டி எண் (எவ்வளவு ஈர வித்தியாசத்துக்குள் மண் பிசையும் பதத்தில் நிற்கும் என்ற அளவு) 6க்குள்ளும் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது இந்த 6தான்.

அடுத்தது சிபிஆர், அதாவது மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டுகிற எண். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் 1920களின் கடைசியில் பிறந்த சோதனை, இன்றும் நம் ஊர் ரோட்டின் கனத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இரும்பு அச்சில் மண்ணை இடித்து நிரப்பி, 4 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, 50 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டை நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் உள்ளே அழுத்துவார்கள். தரமான உடைகல்லில் அது 2.5 மி.மீ. இறங்க 1370 கிலோ வேண்டும், அதை 100 என்று வைத்துக்கொண்டு நம் மண்ணை ஒப்பிடுவார்கள். நனைந்த கரிசலுக்கு இது பெரும்பாலும் 2, 3தான் வரும். கீழ் அடுக்குக் கிராவலுக்கு நெடுஞ்சாலையில் 30 கேட்கிறார்கள், கிராம ரோட்டில் 20, அதுவும் கட்டுப்படியாகிற தூரத்தில் கிடைக்காத இடத்தில் 15 வரை விடுகிறார்கள். ரிப்போர்ட்டில் 'ஊறவைத்தது' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உலர்ந்த நிலையில் களி கலந்த மண்ணும் பெரிய எண் காட்டும், நாலு நாள் ஊறியபின் அதன் உண்மை வெளியே வந்துவிடும்.

வெளுத்த லோடு வேறு குவாரியிலிருந்தோ, அதே குவாரியின் வேறு ஆழத்திலிருந்தோ வந்திருக்கலாம். அதற்குத் தனியாக மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் மாறினால் சோதனையும் புதிதாகப் பார்க்க வேண்டும், இதைக் கேட்க உங்களுக்குப் படிப்பு தேவையில்லை. பிரதமர் கிராம சாலைத் திட்டத்து ரோடு என்றால், எந்த அடுக்கில் எவ்வளவு பொருள் என்று ஊர் மொழியில் எழுதிய பலகை அங்கேயே நிற்க வேண்டும், அதையும் படித்துவிடுங்கள்.

சாத்தான்குளம் பக்கம் தேரி மண் மலை மலையாகக் கிடக்கிறது. நல்ல சிவப்பு. இதையே செம்மண்ணாக வைத்து ரோடு போட்டால் செலவு மிச்சம்தானே?

கேள்வி நியாயமானது, ஆனால் தேரி செம்மண் இல்லை, சிவப்புப் பூசிய மணல். காற்று கொண்டுவந்து குவித்த மணல் என்பதால் எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கடுகு மூட்டையை அவிழ்த்துக் கொட்டி அதன் மேல் ஏறி நின்று பாருங்கள், கால் சறுக்கிக்கொண்டே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் இறுகாது. பெரிய கல்லின் சந்தில் சின்னக் கல், சின்னக் கல்லின் சந்தில் மணல், மணலின் சந்தில் கொஞ்சம் பொடி என்று ஒன்றை ஒன்று அடைத்துக்கொண்டால்தான் அடுக்கு இறுகும். இதைத்தான் சல்லடைக் கணக்கு என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்காகத் தேரியைத் தள்ளிவிடவும் வேண்டாம். அது உப்பாது, தண்ணீரைத் தேக்காது, கரிசலைவிட எத்தனையோ மேல். இரண்டு பக்கமும் நல்ல மண்ணால் அணைகட்டி, தண்ணீர் தெளித்து வைப்ரேட்டர் ரோலர் ஓட்டினால் கீழே மேடு நிரப்ப நன்றாகவே நிற்கும். அதன் மேல் வருகிற கிராவலுக்கும் ஜல்லிக்கும் பதிலாக மட்டும் அதை நினைக்காதீர்கள்.

ஏரி தூர்வாரிய வண்டலை ரோட்டுக்கு அடியில் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லையா?

கூடாது. வண்டல் வயலுக்குப் போக வேண்டிய பொருள். அதில் மக்கு இருக்கிறது, மக்கு மேலும் மக்கி அழியும், அது இருந்த இடம் பள்ளமாகும். இப்போதே வழித்து எடுத்து யாராவது விவசாயிக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், தார் போட்டபின் செய்ய முடியாது.

முன்பெல்லாம் பெரிய மெட்டலைப் பரப்பி, மேலே செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுவார்கள். இப்போது வெட்மிக்ஸ் என்று சாம்பல் நிறத்தில் ஏதோ கலவையைக் கொட்டுகிறார்கள். பழைய முறையில் போட்ட ரோடு இருபது வருடம் நின்றது. எது மேல்? கல்லில் எந்தக் கல் நல்லது?

நின்ற ரோட்டைப் பார்க்கிறீர்கள், நிற்காதவை உங்கள் நினைவில் இல்லை. பழைய மெட்டல் ரோடு நன்றாகப் போட்டால் நன்றாகவே நிற்கும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. அதன் பலவீனம் அந்தச் செம்மண்தான். கல்லின் சந்தை அடைக்கப் போடுகிற அதிலும் பிளாஸ்டிசிட்டி எண் 6க்குள் இருக்க வேண்டும், வேலை நடக்கிற அவசரத்தில் பக்கத்துக் காட்டில் வெட்டிய மண்தான் பல இடங்களில் விழுந்தது. தண்ணீர் இறங்கியதும் அந்தக் களி எண்ணெய் மாதிரி வேலை செய்யும். கல் நல்ல கல்லாகவே இருக்கும், ஆனால் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும்.

வெட்மிக்ஸில் மண்ணே இல்லை. பெரிய ஜல்லி முதல் கிரஷர் பொடி வரை எல்லா அளவும் குறித்த விகிதத்தில், தேவையான தண்ணீரோடு இயந்திரத்திலேயே கலந்து வருகிறது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். ஒன்று, டிப்பரில் வந்ததை உயரத்திலிருந்து கொட்டி ஜேசிபியால் இழுத்தால் பெரிய ஜல்லி ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். பரப்பிய இடத்தில் கூடு கூடாக வெறும் ஜல்லி தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்து மாற்றச் சொல்லுங்கள், மேலே பொடி தூவி மூடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு, வெயிலில் ஈரம் போய்விடும். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரத் தடம் இருக்கலாம், தண்ணீர் வடியக் கூடாது. உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, ரோலர் எத்தனை தரம் போனாலும் பிரயோசனமில்லை.

கல்லுக்கு வருகிறேன். சென்னை, செங்கல்பட்டு பக்கம் கிடைக்கிற கருநீலக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் உள்ள கல்லறைக் கல் இந்த வகை, அதனால் அந்தப் பெயர். பல்லாவரம் வட்டாரத்துப் பாறை அது. கெட்டியான, தண்ணீர் குடிக்காத கல், ரோட்டுக்கு அருமையானது. மற்ற மாவட்டங்களில் கிடைக்கிற கருங்கல்லும் பெரும்பாலும் போதும். பயப்பட வேண்டியது மேற்பாறையில் உடைத்த சிதைந்த கல்லுக்கு. மஞ்சளாக, பழுப்பாக இருக்கும். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். நல்ல கல் 'ணங்' என்று கேட்கும், சிதைந்த கல் மொத்தென்று சத்தமிட்டு மூலை உதிரும். ஆய்வகத்தில் கல்லை இரும்புக் குண்டுகளோடு உருளையில் போட்டு 500 சுற்றுச் சுற்றி, 1.7 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள். பொடியாகிக் கீழே விழுந்தது 40 சதவீதத்துக்கு மேல் போனால் வெட்மிக்ஸுக்கு ஆகாது.

வடிவமும் பாருங்கள். கிரஷர் சரியில்லாவிட்டால் ஓடு மாதிரித் தட்டைக் கல்லும் ஊசி மாதிரி நீளக் கல்லும் அதிகம் வரும். இரண்டும் சேர்ந்து 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ரோலர் ஏறினாலே ஒடிந்துவிடும். ஆற்றுக் கூழாங்கல்லை அப்படியே போடவும் கூடாது, அது உருளும், பிடித்துக்கொள்ள முனையே கிடையாது.

பழைய வீடு இடித்த கழிவைத் தெருவுக்கு அடியில் போடலாமா?

உடைத்து, சலித்து, கம்பியும் மரமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி எடுத்த கான்கிரீட் என்றால் கீழ் அடுக்குக்குத் தாராளமாகப் போடலாம், 2017இல் இதற்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸ் (ரோடு போடுவதற்கு விதிமுறை வகுக்கும் அமைப்பு) தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. லாரியில் வந்ததை அப்படியே கொட்டினால் பெரிய கட்டிகளுக்கு இடையில் பொந்து இருக்கும், நாலு மழையில் மேல் மண் அதற்குள் இறங்கித் தெரு குழியாகிவிடும்.

எங்கள் ரோட்டில் 15 செ.மீ. கிராவல், அதன் மேல் 15 செ.மீ. ஜல்லி போட்டதாகக் கணக்கு. பொருளெல்லாம் நல்ல பொருள், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனாலும் இரண்டாவது மழைக்காலத்தில் சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரிப் பதிந்துவிட்டது. எங்கே தப்பு?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய குழி ஞாபகம் வந்தது. வயல் நடுவே போகிற ரோடு, இதே புகார். ரோட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். மேலே ஜல்லி சுத்தமாக, அழகாக இருந்தது. கீழே போகப் போக ஜல்லியின் சந்துகளில் சாம்பல் நிறக் களி ஏறியிருந்தது, அதற்கும் கீழே களிக்குள் ஒவ்வொரு கல்லாகப் புதைந்து கிடந்தது, பனங்கிழங்கைப் பிடுங்குவது மாதிரி விரலால் நோண்டி எடுக்க வேண்டியிருந்தது. டேப் வைத்து அளந்தால் சுத்தமாக இருந்த ஜல்லி 9 செ.மீ.தான். மிச்சம் யாரும் திருடவில்லை. அடியில் களி நனைந்து குழைந்திருக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் போகும்போது ஜல்லி கீழே இறங்க, களி மேலே ஏறியிருக்கிறது.

உங்கள் ஊரில் கிராவல் போட்டிருக்கிறார்கள் என்பதால் இது நடந்திருக்கக் கூடாது, நடந்தது என்றால் இரண்டு விஷயத்தைச் சந்தேகப்படுகிறேன். கிராவலை ரோட்டு அகலத்துக்கு மட்டும் போட்டு, இரண்டு பக்கமும் களிமண்ணால் பெர்ம் கட்டியிருப்பார்கள். அப்படியானால் ரோடு ஒரு தொட்டி. மேலே வெடிப்பில் இறங்குகிற தண்ணீர் கிராவலில் வந்து நிற்கும், வெளியே போக வாசல் இல்லை. கிராவல் அடுக்கு பெர்முக்கு அடியில் நீண்டு பக்கச் சரிவில் வெளியே தெரிய வேண்டும், அதற்குக் கீழே வாய்க்கால் இருக்க வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே தடவையில் கனமாகக் கொட்டி ரோலர் விட்டிருப்பார்கள். 8, 10 டன் சாதாரண ரோலர் என்றால் இறுகியபின் 10 செ.மீ. கனத்துக்கு மேல் ஒரு தடவையில் போகக் கூடாது. போனால் மேலே கல் மாதிரி இறுகியிருக்கும், அடியில் அப்படியே உதிரியாகக் கிடக்கும்.

மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்து, தடம் பதிந்த இடத்துக்கு நேராக பெர்மில் ஓர் அடி அகலத்துக்குக் குறுக்கே வெட்டி, கிராவல் மட்டம் வரை திறந்து விட்டுப் பாருங்கள். ரோட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இளநிலைப் பொறியாளரைக் கூட்டிவந்து அந்த வெட்டை நேரிலேயே காட்டுங்கள், ஜல்லி மேல் இன்னொரு ஜல்லி போட மதிப்பீடு எழுதுவதற்கு முன்னால்.